பியூஷ் பாண்டே எழுதினதில் நமக்கு எது வந்து சேர்ந்தது?

24 அக்டோபர் 2025, இரவு 9.40

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "பெவிகால், கேட்பரி, ஹமாரா பஜாஜ், அமுல், நிர்மா எல்லாம் எழுதின மனுஷன் இன்னிக்கு போயிட்டார்னு ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போடறாங்க. இந்தியில எழுதினவருக்கு இங்க எதுக்கு இவ்வளவு துக்கம்? விளம்பரக் கம்பெனியில வேலை பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க."

இருக்கேன். 1996-லிருந்து பதினோரு வருஷம் சென்னையில் விளம்பரக் கம்பெனிகளில் தமிழ் காப்பி, அதாவது விளம்பர வாசகம், எழுதினவன். எழுதினவன் என்பதே கொஞ்சம் அதிகம். பம்பாயில் எழுதினதைத் தமிழாக்கினவன்.

முதலில் பட்டியல். ஹமாரா பஜாஜ் இவருடையது இல்லை. அது லிண்டாஸ் கம்பெனி, அலிக் பதம்ஸி. அமுல் பாப்பா சில்வெஸ்டர் டகுன்ஹாவின் கம்பெனி. 1966-ல் அது ஆரம்பிச்சப்போ பாண்டே பள்ளிக்கூடத்துப் பையன். நிர்மாவும் இல்லை. பெரிய மனுஷன் செத்தா ஊர்ல உள்ள நல்ல கிணறெல்லாம் அவர் வெட்டினதாத்தான் ஆகும், தப்பில்லை.

இவருடையது: பெவிகால், கேட்பரி டெய்ரி மில்க்கில் மைதானத்துக்குள்ள ஓடி ஆடற பொண்ணு, ஏசியன் பெயின்ட்ஸ் 'ஹர் கர் குச் கஹ்தா ஹை', லூனா மொபெட், போலியோவுக்கு 'தோ பூந்த் ஜிந்தகி கீ' (வாழ்க்கைக்கு ரெண்டு சொட்டு), ஹட்ச் நாய்க்குட்டி, வோடபோன் ஜூஜூ.

ஆள் யாருன்னு கேட்டவங்களுக்கு: 1955-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் வரலாறு எம்.ஏ. ராஜஸ்தானுக்கு ரஞ்சி ஆடினார். கல்கத்தாவில் டீ ருசி பார்க்கிற உத்தியோகம் பார்த்தார். 1982-ல், இருபத்தேழு வயசில், ஓகில்வி விளம்பரக் கம்பெனியில் பயிற்சி ஆளா சேர்ந்தார். அதுவும் எழுத இல்லை, விளம்பரம் குடுக்கிறவங்களோட பேசற கிளையன்ட் சர்வீசிங்கில். அதே கம்பெனியில் கடைசிவரை. 2016-ல் பத்மஸ்ரீ. 2018-ல் கான் விளம்பர விழாவில் தம்பி பிரசூனோட சேர்ந்து வாழ்நாள் விருது.

துக்கம் எதுக்குன்னா, என் பதில் பலருக்குப் பிடிக்காது. இங்க அவருக்காக வருத்தப்படறவங்க அவர் எழுதின ஒரு வார்த்தையைக்கூடக் கேட்டதில்லை. பார்த்திருக்காங்க. பெவிகால் பஸ் ஞாபகம் இருக்கா? பாலைவனத்து ரோடு, ஒரு பஸ், கூரை மேல, பக்கவாட்டில், ஏணியில், பானெட்டில்னு மனுஷங்க தேனடை மாதிரி அப்பிக்கிட்டிருக்காங்க. பள்ளத்தில் இறங்கி ஏறுது, ஒருத்தர்கூட விழலை. பஸ் திரும்பிப் போகும்போது பின்னால பெவிகால் பலகை. வசனமே கிடையாது. அதனாலதான் அது திருநெல்வேலிக்கும் வந்து சேர்ந்தது. பேச்சால பேர் வாங்கின மனுஷன் நமக்குக் கிடைச்சது ஊமைப் படமா.

24 அக்டோபர், இரவு 11.25

மீசையைச் சொல்ல மறந்துட்டேன். ஐயனார் கோயில் வாசல்ல குதிரைக்குப் பக்கத்துல நிக்க வெச்சா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. சிரிப்பும் அந்த அளவுக்கே.

25 அக்டோபர், காலை 7.10

"செயின்ட் ஸ்டீபன்ஸ்ல படிச்ச இங்கிலீஷ்காரருக்குத் தெருவோரத்துப் பேச்சு எப்படி வந்திருக்கும், எல்லாம் மார்க்கெட்டிங்" என்று ஒருவர். நியாயமான சந்தேகம். அந்தக் கல்லூரிக்காரங்க பாதிப் பேர் ஐ.ஏ.எஸ்., மீதிப் பேர் பத்திரிகை ஆசிரியர்னு நம்ம ஊர்ல ஒரு எண்ணம் உண்டு.

எண்பதுகளில் விளம்பரம் எப்படி எழுதினாங்கன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும். முதலில் இங்கிலீஷில் எழுதுவாங்க. அப்புறம் அதை இந்தியாக்க ஒரு ஆள், தமிழாக்க ஒரு ஆள். மொழிபெயர்க்கிற ஆளுக்கு மூலையில ஒரு நாற்காலி. இவர் சேர்ந்தது சர்வீசிங்கில்தான், ஆனா வீட்டில் பேசின இந்தியை மறக்காம ஆபீசுக்குக் கொண்டுவந்துட்டார். சன்லைட் சோப்புத்தூளுக்கு முதல் விளம்பரம் எழுதினார், கொஞ்ச வருஷத்தில் எழுத்துப் பக்கமே மாறிட்டார். அப்புறம்தான் இந்தியிலேயே யோசிச்சு இந்தியிலேயே எழுதற வழக்கம் மேல வந்தது. அவர் ஒருத்தர்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மூலை நாற்காலியை நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டதில் அவர் கை பெருசு.

அக்கா இலா அருண் ராஜஸ்தானி நாட்டுப்புறப் பாடகி, தம்பி பிரசூன் விளம்பரப் பட இயக்குநர். அப்படி ஒரு வீட்டில் தெருப்பேச்சைத் தெருவில் போய்க் கத்துக்க வேண்டியதே இல்லை.

25 அக்டோபர், மதியம் 2.30

இவரை விளம்பரத்துக்குப் போடான்னு தள்ளிவிட்டது கிரிக்கெட் ஆடின அருண் லால். கல்லூரி நண்பர். சும்மா உட்கார்ந்து ஒத்தை வரியில் அடிக்கிற நக்கலைக் கேட்டுட்டு, இதுக்குக் காசு குடுக்கிற இடம் ஒண்ணு இருக்குன்னு சொன்னாராம்.

இப்போ நம்ம ஊர்ச் சங்கதி. அதே 1982, செப்டம்பர் மாசம், சேப்பாக்கத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆடின முதல் டெஸ்ட். அருண் லாலுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். கவாஸ்கரோட இறங்கி 63 அடிச்சார். கவாஸ்கர் 155. துலீப் மெண்டிஸ் ரெண்டு இன்னிங்சிலும் 105, 105. எங்க மாமா தோளில் உட்காராத குறையா சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய் நான் பார்த்த முதல் மேட்ச். எனக்கு அருண் லால் ஞாபகம் இல்லை, மெண்டிஸ் அடிச்ச ஒரு ஹூக்கும், மாமா வாங்கிக்கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலமும்தான் ஞாபகம்.

இதுக்கும் பாண்டேக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. சிநேகிதனை விளம்பரத்துக்கு அனுப்பிட்டு இவர் டெஸ்ட் ஆட வந்தார், அவ்வளவுதான்.

25 அக்டோபர், இரவு 10.05

"டீ ருசி பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?" அருமையான வேலைங்க. குன்னூரில் ஒரு தடவை பார்த்திருக்கேன். நீள மேஜை, வெள்ளைக் கிண்ணம் வரிசையா ஐம்பது அறுபது. கரண்டியில எடுத்து சர்ர்ருன்னு உறிஞ்சுவாங்க. நம்ம வீட்டில் அப்படிச் சத்தம் போட்டுக் குடிச்சா முதுகுல ஒண்ணு விழும். உடனே துப்பிட்டு, ஒரே வார்த்தையில் தீர்ப்பு, அடுத்த கிண்ணம். அந்தப் பழக்கத்தில் இருந்த ஆளுக்கு முப்பது செகண்டே தாராளமா இருந்திருக்கும்.

26 அக்டோபர், காலை 11.40

ஞாயித்துக்கிழமை, நேரம் இருக்கு. தமிழாக்கம்னா என்னன்னு கேட்டவங்களுக்காக ஒரு கதை. பொருள் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம்.

1999. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விளம்பரம். பம்பாயில் இந்தியில் எடுத்த படம் பீட்டா டேப்பில் வரும். கூடவே ஃபேக்ஸில் இங்கிலீஷ் ஸ்கிரிப்ட். ஃபேக்ஸ் தாள் ரெண்டு நாளில் வெளுத்துடும்னு முதல் வேலையா ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்குவோம்.

கல்யாண வீடு. பொண்ணோட பின்னல் எலிவால் மாதிரி இருக்கு. பெரியம்மா ஒருத்தி அதைப் பார்த்துட்டு, விரலை மூக்கில் வெச்சு, 'நாக் கட் கயீ' என்கிறாள். மூக்கு அறுந்ததுன்னு நேர் அர்த்தம். மானம் போச்சு என்பதுதான் பொருள். நான் 'மானமே போச்சு'ன்னு எழுதினேன். இதில் யோசிக்க என்ன இருக்கு?

இருந்தது. அப்போ ஒரு முறை உண்டு, இப்பவும் இருக்காம். நாம தமிழில் எழுதினதை மறுபடி வரிக்கு வரி இங்கிலீஷாக்கி பம்பாய்க்கு அனுப்பணும். தமிழ் தெரியாதவர் அதைப் படிச்சுட்டு தமிழ் சரியா இருக்கான்னு சொல்வார். போன் வந்தது. "ஸ்கிரீனில் விரல் மூக்கில் இருக்கு. உங்க வரியில் மூக்கு எங்கே?"

தமிழ்நாட்டில் மானத்துக்கும் மூக்குக்கும் சம்பந்தம் இல்லைங்க, மூக்கில் விரல் வெச்சா ஆச்சரியம்னு அர்த்தம்னு சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கலை. மூக்கு வந்தே ஆகணும். வடபழனியில் டப்பிங் தியேட்டர், மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கிட்டிருக்கு. கடைசியில் 'மூக்குடைஞ்சு போச்சு'ன்னு போட்டோம். நம்மகிட்ட மூக்குடைபடறதுன்னு ஒண்ணு இருக்கே. மானம் போறது வேற, மூக்குடைபடறது வேற, ஆனா அவசரத்துக்குத் தோஷமில்லை.

அடுத்த சிக்கல் உதடு. 'நாக் கட் கயீ'யில் உதடு ஒட்டாது. தமிழில் 'மூ'வுக்கும் 'போ'வுக்கும் ஒட்டியே ஆகணும். ஸ்கிரீனில் பெரியம்மா வாய் திறந்தே இருக்கு. டப்பிங் அக்கா 'மூ'வை மூச்சோட மூச்சா விழுங்கி, 'போச்சு'வைத் தூக்கிட்டு, 'உடைஞ்சுதுடி'ன்னு இழுத்து உட்கார வெச்சாங்க. அஞ்சாவது டேக்கில் ஓகே.

ஆச்சா? இங்கிலீஷ் ஆக்கி அனுப்பினோம்: மூக்கு உடைந்தது. பத்து நிமிஷத்தில் போன். "யார் அடிச்சாங்க? எண்ணெய் விளம்பரத்தில் அடிதடி எதுக்கு?"

இந்த வேலையைத்தான் பதினோரு வருஷம் பண்ணினேன். பாண்டே மாதிரி ஒருத்தர் தமிழில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதியிருந்தா, அந்தப் பெரியம்மா மூக்கையே தொட்டிருக்க மாட்டா. மோவாய்க்கட்டையில கை வெச்சுக்கிட்டு, "அடி ஆத்தீ" என்றிருப்பா. வசனத்துக்கு முன்னாடியே கை தப்பான இடத்துக்குப் போயிடுச்சு. அதை எப்படித் தமிழாக்க?

27 அக்டோபர், காலை 6.50

திருத்தம். ஹட்ச் நாய்க்குட்டியையும் ஜூஜூவையும் பாண்டே கணக்கில் எழுதிட்டேன். ஒருத்தர் சரியாப் பிடிச்சார். அவர் தலைமையில் இருந்த ஓகில்விதான், ஆனா யோசிச்சது ராஜீவ் ராவ் முதலான இளைய கூட்டம். 2009 ஐ.பி.எல். சமயத்தில் வந்த ஜூஜூவைப் படம் பிடிச்சது பெங்களூர் நிர்வாணா கம்பெனியின் பிரகாஷ் வர்மா. அது கார்ட்டூனும் இல்லை, வெள்ளை உடுப்பு மாட்டின நிஜ மனுஷங்க. பெவிகால் பஸ்ஸை எடுத்தவர் பிரசூன்.

கிணறு வெட்டின கதை எனக்கே திரும்புச்சு.

28 அக்டோபர், மாலை 5.15

புயல் மழை. ரெண்டு மணி நேரமா கரண்ட் இல்லை. போனில் தட்டறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கணும்.

பெவிகால் பத்தி எல்லாரும் விளம்பரத்தையே பேசறாங்க, பசையைப் பத்தி யாரும் பேசலை. எங்க தாத்தா ஆசாரி, கும்பகோணம் பக்கம். அவர் காலத்தில் மரம் ஒட்ட வச்சிரம்தான். மாட்டுத்தோல், எலும்பு இதிலிருந்து எடுக்கிற பசை. கெட்டியா, பழுப்பா, வெல்லக்கட்டி மாதிரி இருக்கும். முந்தின ராத்திரியே தண்ணியில ஊறப்போட்டு, காலையில் தகரக் குவளையில் போட்டு, அந்தக் குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வெச்சுக் காய்ச்சணும். நேரா அடுப்பில் வெச்சா கருகிடும். அந்த நாத்தம் இருக்கே, பாட்டி அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டா. கொல்லையில் மூணு செங்கல் வெச்சுத் தாத்தா காய்ச்சுவார். சூடு ஆறறதுக்குள்ள தடவி இறுக்கணும். மழைக்காலத்தில் பிசுபிசுத்து விட்டுப்போகும்.

பெவிகால் 1959-ல் வந்தது. வெள்ளையா, காய்ச்ச வேண்டாம், நாத்தம் இல்லை. எங்க தாத்தாகிட்ட எழுபதுகளில் வந்திருக்கும். ஆசாரிகளுக்கு அது விளம்பரம் பார்த்து வந்த சாமான் இல்லை. முதலில் பட்டறைக்குத்தான் வந்தது. டப்பாவில் ரெண்டு யானை ஆளுக்கொரு பக்கம் இழுக்குமே, கடைக்காரர்கிட்ட தாத்தா "யானைப் பசை குடு"ன்னுதான் கேட்பார். டப்பா காலியானா அதில் ஆணி. எங்க வீட்டில் ஒண்ணு இன்னும் இருக்கு, அரைக்கிலோ அளவு, ரெண்டு யானையில் ஒண்ணுக்குத் துதிக்கை அழிஞ்சுபோச்சு.

அதனால பாண்டே செஞ்சது ஒரு விசித்திரமான வேலை. பட்டறைக்குள்ள இருந்த சாமானை, வாங்கவே போகாத வீட்டுக்காரங்க வாயில் பழமொழியா ஆக்கிட்டார். உள்ளே இருக்கிற பசையை யாரும் பார்க்க முடியாது, அதனால பசையைக் காட்டவே இல்லை. டப்பாவில் கொத்தித் தின்ன கோழி போட்ட முட்டை உடையமாட்டேங்குது. சமையக்காரன் தட்டறான், ஓங்கி அடிக்கிறான். அவ்வளவுதான் படம். தமிழாக்க எனக்கு அங்க வேலையே இல்லை.

'ஜோர் லகா கே ஹைஷா'ன்னு கூட்டமா இழுக்கிற பழைய பெவிகால் படம் ஒண்ணு உண்டு. அதில் வர்ற ஒரு ஆள் பின்னாடி பெரிய சினிமா டைரக்டர் ஆன ராஜ்குமார் ஹிரானி. ஹைஷாவுக்கு நம்மகிட்ட 'ஐலசா' இருக்கு. தேர் வடத்துக்கும் இருக்கு, வலைக்கும் இருக்கு. எழுதினவன் சொல்றேன், இந்த மாதிரி ஒரு வார்த்தை வந்து மாட்டினா அன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

30 அக்டோபர், இரவு 8.20

அரசியலை இழுக்காம இருக்க முடியாதுன்னு தெரியும். "அப்கி பார் மோடி சர்க்கார் பத்தி ஏன் வாயே திறக்கலை?"

திறக்கறேன். 2014 தேர்தலுக்கு அந்தப் பிரசாரத்தை எடுத்துச் செஞ்சது ஓகில்வி குடும்பத்துக் கம்பெனி, பாண்டேயின் பங்கு எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்காக அவரைக் கொண்டாடறவங்களும் உண்டு, மன்னிக்காதவங்களும் உண்டு. அந்தச் சண்டையை வேற இழையில் வெச்சுக்கோங்க.

நான் வார்த்தையை மட்டும் பார்க்கறேன். 'பார்', 'சர்க்கார்', ரெண்டும் முட்டி நிக்குது. குழந்தைகூடச் சொல்லும். தமிழில் என்ன சொல்வீங்க? 'இம்முறை மோடி ஆட்சி'. உப்பில்லாத உப்புமா. அதே வருஷம் இங்க ஓடினது 'மோடியா, லேடியா'. எந்த ஏஜென்சி, எந்த பீட்டா டேப்? மேடையில் ஜெயலலிதா பேசினது, அன்னிக்கு ராத்திரியே டீக்கடைக்கு வந்துடுச்சு. 39 தொகுதியில் 37 அவங்களுக்கு. வோட்டெல்லாம் எதுகையால விழுந்ததுன்னு சொல்லலை. ஆனா ஒரு வார்த்தை அந்தந்த ஊர்லயே முளைச்சா எப்படி ஓடும் என்பதுக்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

ரெண்டு பக்கத்துக்காரரும் இப்போ என்னைத் திட்டலாம்.

2 நவம்பர், காலை 9.30

நல்ல அடி ஒண்ணு வாங்கினேன். "தமிழில் முதலிலிருந்து எழுதினவங்களே இல்லைங்கிற மாதிரிப் பேசறீங்க. கோபால் பல்பொடி? வசந்த் அண்ட் கோ? லலிதா ஜுவல்லரி?" என்று ஒருத்தர்.

சரிதான். நான் இருந்த குளத்தைக் கடல்னு நினைச்சுட்டேன். இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி வரிசையா நாட்டுப் பேரெல்லாம் அடுக்கினதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் கையைக் கூப்பி நின்னார், எந்த மாடலும் வேண்டியிருக்கலை. லலிதா ஜுவல்லரி முதலாளி கேமராவைப் பார்த்து நேரா பேரம் பேசறார். அவர் தமிழ் வேற ஊர்த் தமிழ், அதுவே அவருக்கு ஜிங்கிள், விளம்பரப் பாட்டு. இவங்களைப் பார்த்து நாங்க ஏஜென்சியில் உட்கார்ந்து சிரிச்சிருக்கோம். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, 'மூக்கு உடைந்தது'ன்னு இங்கிலீஷில் டைப் அடிச்சுக்கிட்டே சிரிச்சோம்.

ஆர்.கே. சுவாமி 1973-ல் சென்னையில் ஆரம்பிச்சது பெரிய விளம்பரக் கம்பெனியாத்தான் வளர்ந்தது. ரஹ்மான் சினிமாவுக்கு முன்னாடி இங்க ஜிங்கிள் போட்டுக்கிட்டிருந்தவர், லியோ காபி ஒண்ணு போதும். ஆக ஆளும் இருந்தாங்க, காதும் இருந்தது. ஆனா நாடு முழுக்கப் போற சரக்குக்கு யோசனை பம்பாயில்தான் நடந்தது. அதை மட்டும்தான் சொல்ல வந்தேன்னு இப்போ சமாளிக்கறேன்.

2 நவம்பர், காலை 9.42

லூனா பத்திக் கேட்டவருக்கு: 'சல் மேரி லூனா' வடக்கே பெரிய பாட்டு. இங்க 1980-லேயே டி.வி.எஸ். 50 வந்துடுச்சு. பால் கேன் ரெண்டு, நடுவுல பையன் ஒருத்தன், பின்னால புல்லுக்கட்டு. அதுக்கு யார் பாட்டு எழுதணும்?

5 நவம்பர், இரவு 9.15

போலியோவை ஒரு வரியில் விட்டது தப்பு. அமிதாப் பச்சனை நிக்க வெச்சு, கெஞ்சாம, கோபமா அதட்ட வெச்ச விளம்பரம் அது. குழந்தைக்குச் சொட்டு மருந்து போடாத பெத்தவங்களை டி.வி.யில் வெச்சுத் திட்டறார். அரசாங்க விளம்பரம்னா கையைக் கட்டிக்கிட்டு வேண்டிக்கிற குரலில்தான் இருக்கும். இது அந்த வழக்கத்தை உடைச்சது. 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் நாட்டில் கடைசி. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் வந்தது. விளம்பரம்தான் ஒழிச்சதுன்னு பேசறவங்களை நம்பாதீங்க.

எங்க அத்தை அங்கன்வாடியில் இருந்தவங்க. முகாம் நாள் காலையில் அஞ்சு மணிக்கு ஐஸ் கட்டி வெச்ச நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கிட்டுக் கிளம்பினா, ராத்திரி வரும்போது கையெல்லாம் மார்க்கர் மை. சொட்டு விட்ட குழந்தையோட இடது சுண்டுவிரலில் கோடு போடணும். விரலை மடக்கிக்கிற குழந்தை, ஓடற குழந்தை, தூங்கற குழந்தை. அடுத்த நாள் வீடு வீடாப் போய் மை இல்லாத விரலைத் தேடணும். அமிதாப் திட்டினது தெரியுமா அத்தைன்னு கேட்டிருக்கேன். "அவர் எங்கடா திட்டினார், என்னையில்ல எல்லாரும் திட்டினாங்க, மத்தியானம் தூங்கற புள்ளைய எழுப்பறேன்னு."

'தோ பூந்த்'துக்கும் நாம கடன் வாங்கலை. 'சொட்டு மருந்து'ன்னு அத்தை பெட்டிக்கு முன்னாடியே இருந்தது.

8 நவம்பர், இரவு 11.50

இன்னிக்கு மாட்டிக்கிட்டேன். முதல் குறிப்பில், அவர் எழுதின ஒரு வார்த்தையைக்கூட நாம கேட்டதில்லைன்னு சொன்னேன். ஒரு அம்மா ஒரே வரியில் கேட்டிருக்காங்க: "மிலே சுர் கேட்டதில்லையா தம்பி?"

கேட்காம? 1988 ஆகஸ்ட் 15-லிருந்து தூர்தர்ஷனில் எத்தனை தடவை! நிகழ்ச்சிக்கு நடுவுல 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' வரும், அப்புறம் இந்த ஒற்றுமைப் பாட்டு வரும். பீம்சேன் ஜோஷி அருவி முன்னாடி ஆரம்பிப்பார். அந்த இந்தி வரிகள் பாண்டே எழுதினது. அப்போ அவர் ஓகில்வியில் அவ்வளவு பெரிய ஆள்கூட இல்லை. யோசனை அதே ஓகில்வியின் சுரேஷ் மல்லிக்குடையது. எனக்கு இது தெரியும், தெரிஞ்சும் கணக்கில் சேர்க்கலை. ஏன்னா எனக்கு அது விளம்பரம் இல்லை, சாயங்காலம் பாடம் படிக்காம இருக்கக் கிடைச்ச ஆறு நிமிஷம்.

ஹெட்போன் மாட்டி மறுபடி கேட்டேன், நாலஞ்சு தடவை. நம்ம முறை வரும்போது பாலமுரளிகிருஷ்ணா கடற்கரையில். 'மிலே சுர் மேரா தும்ஹாரா' இங்க வந்து 'இசைந்தால் நம் இருவரின் சுரமும்' ஆகுது. மிலே என்றால் சேர்ந்தால், கலந்தால். அதில் பாட்டு இல்லை. 'இசைந்தால்' பாருங்க. ஒத்துப்போனால் என்றும் ஆகுது, உள்ளேயே இசையும் இருக்கு. இந்தியில் இல்லாத ஒண்ணு தமிழில் சும்மா கிடைச்சிருக்கு. அந்த வரியைத் தமிழாக்கின ஆள் யாரா இருந்தாலும், அன்னிக்கு அவருக்கு மூக்கைத் தேடச் சொல்லி யாரும் போன் பண்ணலை.

முப்பத்தேழு வருஷமா காதில் இருந்த வார்த்தை. தொழிலே அதுவா இருந்தும் இன்னிக்குத்தான் கேட்டேன். முதல் குறிப்பை அழிக்கலை, அப்படியே கிடக்கட்டும்.

9 நவம்பர், காலை 6.30

ராத்திரி தூக்கம் வரலை, அதனால இன்னொரு திருத்தமும். மூக்கு கதையில் 'மூக்குடைஞ்சு போச்சுன்னு போட்டோம்'னு எழுதினேனே, அந்தப் 'போட்டோம்' ஒரு பூசி மெழுகல். வார்த்தையைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. டப்பிங் அக்காதான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டிக்‌ஷனரியைப் புரட்டிக்கிட்டிருந்தேன். அவங்க மைக் முன்னாடி நின்னுக்கிட்டே, "தம்பி, மூக்குடைஞ்சுதுன்னு சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றாங்க. இருபத்தாறு வருஷமா இந்தக் கதையை என் கதையாவே சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஒரு கல்லூரியில் மைக் பிடிச்சுக்கூட.

எண்ணெய் விளம்பரம்னு சொன்னதிலும் இப்போ சந்தேகம். சீயக்காய்ப் பவுடரோ?

9 நவம்பர், காலை 6.55

எம்.ஏ. வரலாறு படிச்சவர் எழுதின விளம்பரத்துக்கு வரலாறு எழுதறதில் நான் படற பாடு.

16 நவம்பர், மாலை 4.10

நம்பர் தேடிப் பிடிச்சு அந்த அக்காகிட்ட இன்னிக்குப் பேசினேன். எழுபத்திரண்டு வயசு, போரூர் பக்கம் பொண்ணு வீட்டில் இருக்காங்க. குரல் அப்படியே. முதலில் ஆள் தெரியலை. "எந்தத் தியேட்டர் தம்பி?" என்றாங்க. அடையாளமெல்லாம் சொன்னேன்.

பியூஷ் பாண்டே போன மாசம் தவறிட்டார், அதைப் பத்தி எழுதும்போது உங்க ஞாபகம் வந்ததுன்னேன். "அவரு யாரு, நம்ம ரிக்கார்டிங்குக்கு வருவாரே, அந்த சேட்டா?" இல்லக்கா, பெவிகால் விளம்பரமெல்லாம் எழுதினவர். "ஓ, அந்தப் பஸ்ஸு! அதுக்கு நம்மளக் கூப்பிடலையே." வசனமே இல்லக்கா அதில், யாரைக் கூப்பிடறதுன்னேன். சிரிச்சாங்க.

மூக்கு விஷயம் கேட்டேன். எண்ணெய்தானாம், சீயக்காய் இல்லை. வார்த்தை அவங்களுடையதுன்னு அவங்களுக்கு ஞாபகமே இல்லை. அதெல்லாம் தினம் பண்றதுதானேன்னுட்டாங்க. "அதுல இன்னொண்ணு இருக்கு தம்பி. உதடு ஒட்டலைன்னு அஞ்சு டேக் வாங்கினீங்க. ரெண்டு மணி நேரம் நின்னேன். வவுச்சர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு, அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பினாங்க. 350 ரூபா. மூணு தடவை போனேன், கடைசி வரைக்கும் வரல."

கம்பெனியே இப்போ இல்லை. நம்பரை வாங்கி ஜிபேயில் 350 அனுப்பினேன். குறிப்பு எழுதற இடத்தில் 'மூக்கு'ன்னு போட்டேன். ரெண்டு நிமிஷத்தில் போன்: "வட்டி எங்க தம்பி?"